உடைப்பதா, மெருகேற்றுவதா? எண்பதுகளின் வீட்டுக்குப் புது முகம்: ஓர் ஒப்பீட்டு அலசல்

1980, 90களில் நம்மூரில் கட்டிய தனி வீடுகளின் ஹால் பெரும்பாலும் ஒரே அச்சு: மொசைக் தரை, எனாமல் பூசிய கதவு, சுவரை அடைத்த கண்ணாடி ஷோகேஸ், வெளிர்பச்சை டிஸ்டம்பர், நடுவே ஒரு டியூப்லைட். புதுப்பிக்கக் கூப்பிட்டால் கைவசம் வரும் பதிலும் ஒரே அச்சுதான்: மேலே விட்ரிஃபைடு (கண்ணாடிபோல் இறுகச் சுட்ட) டைல்ஸ், அதற்கும் மேலே ஃபால்ஸ் சீலிங், எங்கும் லேமினேட். பத்து வருடம் கழித்து இதுவும் தேதி குத்திய வீடாகத்தான் நிற்கும். இந்த வீடுகளைப் பழசாகக் காட்டுவது நிறமும் வெளிச்சமும். தரையும் மரமும் பெரும்பாலும் இன்றைக்குக் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத சரக்கு. ஆகவே எதை மாற்றுவது, எதை மீட்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 12க்கு 15 அடி ஹால், அதாவது 180 சதுர அடி, கணக்குக்கு.

தரை: மூன்று வழி

முதல் வழி, இருக்கும் மொசைக்கை மறுபடி தேய்த்து மெருகேற்றுவது. அதற்குமுன் ஒரு சோதனை: மரக்கட்டையால் தரையை அடிக்கு ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று உள்ளீடற்ற சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். நான்கைந்து இடம் என்றால் அந்த இடத்தை மட்டும் பெயர்த்துச் சரிசெய்யலாம். பாதித் தரை அப்படி என்றாலோ, மூலையில் தரை இறங்கியிருந்தாலோ மெருகு வீண்செலவு.

தரை தேறினால் வேலை இப்படி: மெஷினில் 60ஆம் நம்பர் கல்லால் (நம்பர் கூடக் கூடக் கல் நைசாகும்) தண்ணீர் விட்டு முதல் தேய்ப்பு. திறந்த ஓட்டைகளிலும் கீறல்களிலும் தரையின் நிறத்துக்குக் கலந்த வெள்ளை சிமெண்ட் பால். ஐந்து நாளாவது ஈரம் காய விடக்கூடாது. மேஸ்திரி மறுநாளே இரண்டாம் தேய்ப்புக்கு வந்து நின்றால் அடைத்ததெல்லாம் கல்லோடு போய்விடும். பிறகு 120, கடைசியாக 320. முடிவில் ஆக்சாலிக் அமிலப் பொடி, சதுர மீட்டருக்கு 33 கிராம். நம் ஹாலுக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தூவி, தண்ணீர் தெளித்து, கம்பளித் துண்டால் அழுத்தித் தேய்த்துக் கழுவினால் பளபளப்பு வரும். மெஷின் எட்டாத சுவரோரமும் ஸ்கர்ட்டிங்கும் (சுவரின் அடிப்பட்டை) கைக்கல் வேலை. அதைப் பேசி வைக்காவிட்டால் அறையைச் சுற்றி அரையடிக்கு மங்கல் பட்டை நிற்கும்.

மொசைக் மங்குவதற்கு முக்கியக் காரணம் பாத்ரூம் ஆசிட். தரையில் இருப்பது பளிங்குச் சில்லு. ஆசிட் பட்டதும் அது கரைகிறது. மெருகேற்றிய பிறகும் ஆசிட் ஊற்றினால் அந்த இடம் அன்றே மங்கும்.

இரண்டாம் வழி, மொசைக்கின் மேலேயே விட்ரிஃபைடு. 2க்கு 2 அடி டைல்ஸ் 45 வேண்டும். சேதாரம் சேர்த்து 50. விட்ரிஃபைடு தண்ணீரே குடிக்காது, ஆகவே சிமெண்ட் பாலில் பிடிக்காது. ஐ.எஸ் 15477 (டைல்ஸ் பசைக்கான இந்தியத் தரநிலை) முத்திரையுள்ள, டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கென்று பையிலேயே போட்டிருக்கும் பசை வேண்டும். பழைய மெழுகையும் எண்ணெயையும் நீக்கி, தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டு, பல் வைத்த கரண்டியால் பசையைப் பரப்ப வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து பசை உருண்டை வைத்து அமுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது; கட்டில் கால் விழும் இடத்தில் டைல்ஸ் உடைவது அதனால்தான்.

பலரும் முன்கூட்டி யோசிக்காதது உயரம். டைல்ஸ் 9, பசை 5 மில்லிமீட்டர், தரை மட்டக் குறையைச் சேர்த்தால் 15. கதவுகளின் அடியை எல்லாம் அறுக்க வேண்டும், அது நடந்துவிடும். மாடிப்படியைப் பாருங்கள்: 150 மில்லிமீட்டர் படிகளில் முதல் படி மட்டும் 135 ஆகிவிடும். கால் பழைய கணக்கில் தூக்கும், ஒரு படி மட்டும் வேறாக இருக்கும். பெரியவர்கள் தடுக்கி விழ இது போதும். படிக்கட்டுள்ள ஹாலில் இந்த வழி வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம்.

மூன்றாவது, ஆத்தங்குடிக் கல். காரைக்குடிப் பக்கம் கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது, சூளையே கிடையாது. முக்கால் அங்குலத் தடிமனோடு அடியில் கலவையும் சேர்வதால் பழைய தரையைப் பெயர்த்தே ஆகவேண்டும். 10 அங்குலச் சதுரக் கல் என்றால் 260 கல் வரும், சேதாரத்தோடு 285 வாங்குங்கள். கைவேலை என்பதால் அடுத்த தவணையில் நிறம் ஒரு சாயல் மாறும், ஒரே தவணையில் எடுப்பது நல்லது. எலுமிச்சையும் புளியும் சிந்தினால் கறை. சமையலறையில் போடாதீர்கள். ஹால் முழுக்கப் பூக்கோலம் போட்டால் ஹோட்டல் வரவேற்பறை வாடை அடிக்கிறது. பூஜையறைக்கோ வாசல் திண்ணைக்கோ மட்டும் எடுத்தால் அழகு.

எங்கள் வரிசை: தட்டிப் பார்த்துத் தேறினால் மெருகு. தேறாவிட்டால் பெயர்த்துவிட்டுப் புதுத் தரை. மேலே ஒட்டுவது கடைசி.

மரம்: சுரண்டுவதற்கு முன்

எனாமலுக்கு அடியில் தேக்குதான் என்று முடிவுகட்டாதீர்கள். கதவின் மேல்விளிம்பிலோ கீல் பதிந்த இடத்திலோ கட்டைவிரல் அகலம் சுரண்டிப் பாருங்கள். பொன்பழுப்பும் கரும்கோடும் தெரிந்தால் தேக்கு. வேம்போ கோங்கோ என்றால் திரும்ப எனாமலே பூசுங்கள், ஆனால் பளபளப்புக் குறைந்த வகை. வால்நட் சாயம் அடித்துத் தேக்காக்கும் முயற்சி இரண்டு வருடத்தில் வெளுக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில். ஆகவே பழைய எனாமலைக் காய்ந்தபடி தேய்த்துத் தூள் பறக்கவிடாமல் ஈரத்தோடு சுரண்டுங்கள். குழந்தைகள் வீட்டில் இருக்கும் நாளில் வேண்டாம்.

தேக்கு வெளிப்பட்டதும் உப்புத்தாள் 120, 180, 220 என்று, எப்போதும் மர ரேகை ஓடும் திசையிலேயே. குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் பாலிஷ் ஏறியதும் கீறல் பளிச்சென்று தெரியும். பழைய ஆணியைச் சுற்றிய கருப்பு, இரும்பும் தேக்குச் சாறும் சேர்ந்த கறை. ஆக்சாலிக் கரைசலைப் பஞ்சால் ஒற்றி, கழுவிக் காயவிட்டால் போகும்.

இனி அரக்குப் பாலிஷா, மெலமைனா, பி.யு.வா (பாலியூரிதேன்)? அரக்குப் பாலிஷ் என்பது ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அரக்கு. இரவு முழுக்கப் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் ஊறவேண்டும். இரும்பில் ஊறினால் கறுக்கும். துணிக்குள் பஞ்சு பொதிந்த உருண்டையால் மெல்லிய பூச்சாகப் பத்துக்கு மேல் ஏற்ற வேண்டும். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. ஆனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய இதில்தான் முடியும். ஊஞ்சல், அலமாரி, சாமி மாடம் எல்லாவற்றுக்கும் இதுவே போதும். மெலமைன் சூட்டையும் ஈரத்தையும் இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு மூலை பெயர்ந்தால் பலகை முழுவதையும் தேய்த்தாக வேண்டும், பூசிய சில நாள் வரை வாடையும் கண்ணைக் கரிக்கும். பி.யு விலை அதிகம், வெயில் நேரடியாக விழும் வாசல் கதவுக்கு அந்த விலை தகும். வெயிலுக்கான வகை என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றில் எதுவானாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு பால் படர்ந்ததுபோல் வெளுக்கும். ஏற்கெனவே பாலிஷ் உள்ள சாமானில் மறைவான இடத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேயுங்கள்: பிசுபிசுத்தால் அரக்கு, சுரண்டாமலே மேலே ஏற்றலாம். அசையாவிட்டால் வார்னிஷோ மெலமைனோ, சுரண்டல்தான்.

சுவர்

வால்பேப்பர், டெக்ஸ்சர், வெற்று எமல்ஷன் மூன்றில் எமல்ஷனுக்கே எங்கள் ஓட்டு. டெக்ஸ்சர் தூசி பிடிக்கும், அலுத்துப்போனால் மெஷின் வைத்து அரைத்து எடுக்கவேண்டும். வால்பேப்பருக்கு முன் ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். தாளுக்குள் முத்து முத்தாக நீர் நின்றால் சுவர் ஈரம் குடித்திருக்கிறது. காகிதத்தின் பின்னால் பூஞ்சை வளரும்.

பழைய டிஸ்டம்பரின் மேலேயே பட்டி (சுவரைச் சமமாக்கும் மாவுப் பூச்சு) பார்ப்பதுதான் பெயிண்டர்கள் அதிகம் செய்யும் குறுக்குவழி. உள்ளங்கையால் தடவினால் மாவு ஒட்டுகிறதா? அப்படியானால் பட்டி பாளம் பாளமாக உரியும். சுரண்டிக் கழுவி, பிரைமர், மெல்லிய பட்டி இரண்டு முறை, 220 தாளில் தேய்ப்பு, மறுபடி பிரைமர், இரண்டு பூச்சு.

நிறத்துக்குக் கடைக்காரர் நீட்டும் அட்டையை நாடாதீர்கள். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மொசைக்கை உற்றுப் பாருங்கள். வெளிறிய மஞ்சள், செங்கல், சாம்பல், கருப்பு என்று சில்லுகள் தெரியும். ஆக வெளிறிய சில்லு சுவருக்கு, அடர்ந்த ஒன்று திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்கும். வேறெந்த வீட்டிலும் இதே சேர்க்கை வராது.

வெளிச்சமும் கூரையும்

6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு; எண் குறைந்தால் மஞ்சள் சாயல்) வெள்ளை டியூபின் கீழ் தேக்கு சாம்பல் பூத்துத் தெரியும். ஹாலுக்கு 3000, சமையலுக்கும் படிப்புக்கும் 4000, அட்டையில் சி.ஆர்.ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் பத்தடிக் கூரையில் அரையடியைத் தின்னும், மேல் ஒழுகலையும் முற்றிய பிறகே காட்டும். ஃபேன் கொக்கி காங்கிரீட்டிலேயே இருக்கவேண்டும், ஜிப்சம் பலகை பாரம் தாங்காது. ஃபால்ஸ் சீலிங் விளக்குகளின் வேலையை இரண்டு சுவர் விளக்கும் ஒரு தரை விளக்கும் செய்துவிடும்.

ஷோகேஸைப் பெயர்க்க அவசரப்படாதீர்கள். கண்ணாடிக் கதவையும் பின்னால் உள்ள நிறக் கண்ணாடியையும் கழற்றினாலே புத்தக அலமாரி கிடைக்கும். அதற்கு லேமினேட் ஒட்டினால் மட்டும் விளிம்புப் பட்டை முதலில் உரியும்.

வேலை வரிசை இதுதான்: ஒயரிங்குக்குச் சுவர் வெட்டுவது முதலில். அடுத்து தரையின் முதல் இரண்டு தேய்ப்பு. சேறு முழங்கால் உயரம் தெறிக்கும், பிளக் பாயிண்ட்களை டேப் போட்டு மூடுங்கள். பிறகு பட்டி, சுவரில் முதல் பூச்சு, மர வேலை. 320 தேய்ப்பும் ஆக்சாலிக் மெருகும் அதன் பின்னால். சுவரின் கடைசிப் பூச்சு, தரையில் பழைய பெட்ஷீட் விரித்தபின்.