பத்து ரூபாய்க்கும் கட்டித் தரும் சேவுக்கடை

விளாத்திகுளத்துக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கிராமங்களுக்கு வாரம் ஒரு நாள் சந்தை கூடும். கருவாட்டுக்காரர்கள் வரிசை முடிகிற இடத்தில், வேப்பமரத்தடியில், ஒரு சேவுக்கடை போடுகிறார்கள். பெயர்ப் பலகை கிடையாது. நாலு கம்பு நட்டு மேலே தார்ப்பாய், ஒரு விறகடுப்பு, பெரிய இரும்புச் சட்டி, சரக்கு பரப்ப இரண்டு பலகை. அண்ணாச்சி சட்டியில் நிற்பார், மதினி தராசில் நிற்பார். இரண்டு பேரும் சாத்தூர்ப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த காலத்தில் இருந்து அவர்களிடம்தான் வாங்குகிறேன். கையில் பணம் இருந்தபோதும் வாங்கியிருக்கிறேன், பத்து ரூபாயோடு போய் நின்றபோதும் வாங்கியிருக்கிறேன். இரண்டையும் பார்த்தவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

காரச்சேவுதான் இந்தக் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அச்சில் போட்டுப் பிழிகிற சேவு இல்லை. ஓட்டை போட்ட இரும்புத் தட்டைச் சட்டிக்கு மேலே வைத்து, மாவு உருண்டையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கிறார். அதனால் ஒன்று நீளமாக இருக்கும், ஒன்று கட்டையாக இருக்கும். கடலை மாவும் அரிசி மாவும் தனித்தனியாக மில்லில் அரைத்துக்கொண்டு வந்து இங்கே வைத்துத்தான் கலக்கிறார்கள். மிளகாய்த்தூள் போடுவதில்லை. எங்கள் கரிசலில் விளைகிற சம்பா வற்றலை ஊறவைத்து, பூண்டோடு சேர்த்து அரைத்து, வடிகட்டிய அந்தத் தண்ணீரில் மாவு பிசைகிறார்கள். தூள் போட்டால் எண்ணெயில் அது முதலில் கருகிச் சேவு கசந்துவிடும் என்று மதினி சொல்வார். பிசைகிறபோது காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றுவார்கள். மொறுமொறுப்பு அதில் வருவது. சோடா உப்பு கிடையாது. சோடா உப்புப் போட்ட சேவு எண்ணெயைக் குடித்துவிடும், இரண்டு நாள் கழித்து டப்பாவைத் திறந்தால் சிக்கு வாடை வரும். இந்தச் சேவு அடுத்த சந்தை வரைக்கும் அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு நாள் மிஞ்சினால்தானே!

வாயில் போட்டால் முதலில் கடலை மாவின் மணம் வரும். கடித்ததும் பூண்டு. விழுங்குகிறபோதுதான் காரம் ஏறும், தண்ணீர் தேடுகிற அளவுக்கு ஏறாது. உப்பு மட்டும் சில வாரம் ஒரு கல் கூடிவிடும். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அது சரிதான், சும்மா தின்பவர்களுக்கு உறுத்தும்.

விறகு சீமைக்கருவேலம்தான். எங்கள் பக்கத்தில் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, வெட்டுகிற கூலி மட்டும்தான். தீ எரிகிற வேகத்தைப் பார்த்து அண்ணாச்சி விறகை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக இருப்பார். எண்ணெயில் சலசலப்பு அடங்கினதும் அரிகரண்டியை விடுவார். அதற்கு முன்னால் யார் அவசரப்படுத்தினாலும் அள்ள மாட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்ட ஒருவரிடம், “வெந்தாத்தான் தருவேன், அடுத்த பஸ்ஸுக்குப் போங்க” என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. ஊரும் வீடும் மூழ்கியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். இந்தப் பக்கம் மானாவாரிக் கரிசலில் தண்ணீர் நின்று உளுந்தும் பாசிப்பயறும் அழுகின. மிளகாய்ச் செடி நின்ற இடத்திலேயே வாடியது. எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு வெள்ளாமைதான். புரட்டாசியில் விதைத்துத் தை மாசியில் எடுப்பது. அது போனால் அடுத்த வருஷத்து வெள்ளாமை வீடு வந்து சேரும்வரை கையில் பணம் புழங்காது. எங்கள் வீட்டுக்காரர் கரிமூட்ட வேலைக்குப் போனார். கரி எடுக்க விறகை வெட்டி அடுக்கி, மண் மூடித் தீ வைத்து, ராத்திரி முழுக்கப் புகையோடு காவல் இருக்கிற வேலை. நான் நூறு நாள் வேலைக்குப் போனேன். 2024 ஏப்ரலில் இருந்து அதற்கு ஒரு நாள் சம்பளம் 319 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். தோண்டிய மண்ணை அளந்துதான் போடுவார்கள் என்பதால் கைக்கு வருவது அதைவிடக் குறையும். அந்தச் சம்பளமும் வருஷக் கடைசியில் நின்றுபோனது. தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபாய் சம்பள பாக்கி நிற்கிறது, விடுவியுங்கள் என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த 1,056 கோடியில் எங்கள் தெருப் பெண்கள் வெட்டிய ஊருணி மண்ணும் இருந்தது.

பட்டினி கிடந்தோம் என்று சொல்ல மாட்டேன். ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மழை பெய்த ஐப்பசி கார்த்திகையில் கரிசல் காட்டில் அதலைக்காய் தானாகக் காய்த்துக் கிடக்கும். பொழுது சாய்கிற நேரம் போனால் மடி நிறையப் பறித்துவரலாம். கசப்புத்தான், வெங்காயம் போட்டு எண்ணெயில் சுருள வதக்கினால் அவ்வளவு ருசி. உலை கொதிக்கும், வயிறு நிறையும். ஆனால் வாரம் முழுக்க அதே சோறும் அதே ரசமும் என்றால் பிள்ளைகள் முகம் சுருங்கிப்போகும். குழுக் கடன் தவணைக்கும் கறிவேப்பிலைக்கும் கணக்குப் பார்க்கிற அந்த நாட்களில், சந்தைக்குப் போகிற அம்மாவிடம் பிள்ளைகள் கேட்கிற ஒரே பொருள் சேவுதான். அதையும் வாங்காமல் வா என்று என்னால் என்னிடமே சொல்ல முடியவில்லை.

இந்தக் கடையில் காரச்சேவு கால் கிலோ 60 ரூபாய். பத்து ரூபாய் கொடுத்தாலும் மதினி தராசில்தான் போடுவார். சும்மா அள்ளிக் கொடுத்து அனுப்புவதில்லை. நாற்பது கிராமுக்குப் படிக்கல் கிடையாது என்பதால் இருபது கிராம் கல்லை வைத்து இரண்டு தடவை நிறுப்பார். பிறகு பொட்டலத்தை மடிப்பதற்கு முன்னால் மேலே கொஞ்சம் போடுவார், அது எல்லோருக்கும் உண்டு. இரண்டு கிலோ வாங்குகிறவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தாலும் வரிசைதான். எனக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் கையை நீட்டியபோது, “இந்தத் தாயி முதல்ல வந்தா, இருங்க” என்று சொல்லி என் பத்து ரூபாய்ப் பொட்டலத்தைக் கட்டி முடித்த பிறகுதான் அவர் பக்கம் திரும்பினார். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டிக்கடையில் தொங்குகிற பத்து ரூபாய் பாக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிற எடையைப் பார்த்துவிட்டு இந்தப் பொட்டலத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள்.

அப்புறம் தூள். சட்டி இறக்கி, கடை கட்டுகிற நேரத்தில் பலகையில் உடைந்து கிடக்கிற சேவையும் பொடியையும் சலித்து எடுத்துத் தனியாகக் குவித்து வைப்பார்கள். ஐந்து ரூபாய்க்கு இரண்டு கை அளவு வரும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அதற்காகவே அந்த வழியாக வருவார்கள். எங்கள் வீட்டில் தூள் வந்தால் அன்றைக்கு ராத்திரி மோர்ச்சோறுதான். சோற்றில் தூளைத் தூவி, சின்ன வெங்காயம் இரண்டு கடித்துக்கொண்டால் வேறு குழம்பு தேவையில்லை. முழுச் சேவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். காரமும் பூண்டும் அடியில்தான் தங்குகிறது.

கடன் கிடையாது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் ஊரில் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நோட்டில் பேர் ஏறிவிட்டால் அந்தக் கடைப்பக்கம் போகவே கால் தயங்கும். இருக்கிற ஐந்தையும் பத்தையும் கொடுத்து வாங்கிவிட்டு நிமிர்ந்து நடப்பது எவ்வளவோ மேல்.

கருப்பட்டி மிட்டாய் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் அத்தை என்னைச் சும்மா விட மாட்டார். அரிசியும் உளுந்தும் ஊறவைத்து ஆட்டிய மாவைத் துணியில் கட்டி, ஓட்டை வழியாகச் சுற்றிச் சுற்றிப் பிழிந்து, பொரித்து எடுத்துப் பாகில் போடுவது. சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்ட பாகு. கடித்தால் தேனடை மாதிரி உள்ளே இருந்து பாகு வழியும். அத்தைக்குப் பல் இல்லை, வாயில் அதக்கியே கரைத்துவிடுவார். வேம்பார்ப் பக்கத்துக் கருப்பட்டி கிடைக்கிற பங்குனியில் இருந்து ஆடி வரைக்கும் இந்த மிட்டாயைத் தாராளமாக நம்பி வாங்கலாம். மற்ற மாதங்களில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். “இந்த வாரம் வெல்லந்தான் தாயி, கருப்பட்டி விலை நமக்குக் கட்டல” என்று மதினியே முதலில் சொல்லிவிடுவார். வெல்லப் பாகில் போட்டது இனிப்பு தூக்கலாக இருக்கும், ஆனால் அந்தப் பனை வாசம் வராது. எனக்கு அது அரை மனசுதான்.

எண்ணெய் விஷயத்திலும் அப்படியே. முன்பு முழுக்கக் கடலை எண்ணெய். 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரியைக் கூட்டிய பிறகு எல்லா எண்ணெயும் விலை ஏறியது. அதில் இருந்து பாமாயில் பாதி கலக்கிறார்கள். மறைத்துச் செய்வதில்லை, இரண்டு தகரமும் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். சேவு விலையைக் கூட்டாமல் இருக்க அதுதான் வழி என்று அண்ணாச்சி சொன்னார். ருசியில் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது, ஆறின பிறகு நாக்கில் மெலிதாக ஒட்டுகிறது. ஒரே எண்ணெயை அடுத்த சந்தைக்குக் கொண்டு வராமல் இருப்பதற்காக, சட்டியில் இப்போது எண்ணெயைக் குறைவாக ஊற்றிச் சின்னச் சின்ன ஈடாகப் போடுகிறார்கள். காத்திருக்கிற நேரம் கூடிவிட்டது. நான் இதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஏற்றுக்கொள்ள முடியாத குறை ஒன்று உண்டு. பொட்டலம் கட்டுவது செய்தித்தாளில். சூடான சேவில் எண்ணெய் ஊறி, எழுத்து மை இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறோம். செய்தித்தாளில் தின்பண்டம் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லிப் பல வருஷமாகிறது. பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியில் தடை வந்தபோது இவர்கள் உடனே நிறுத்திவிட்டார்கள், ஆனால் அந்த இடத்துக்குத் தாள்தான் வந்தது. முன்பு பனை ஓலைக் கொட்டானில் போட்டுத் தருவார்கள், அது திரும்ப வந்தால் நல்லது. கொட்டான் பின்னுகிற பாட்டிமார் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். மதினியிடம் சொல்லியிருக்கிறேன். விலை கட்டுமா என்று யோசிக்கிறார். அதுவரை வீட்டில் இருந்து தூக்கு வாளியோ டப்பாவோ கொண்டுபோங்கள். முகம் சுளிக்காமல் அதில் நிறுத்துப் போடுவார்கள், பாத்திர எடையைச் சரியாகக் கழிப்பார்கள்.

உட்கார இடம் கிடையாது. மழை பிடித்தால் அடுப்பு எரியாது, அன்றைக்குக் காலையில் வீட்டில் போட்ட சரக்கு மட்டும்தான், அது நமத்திருக்கும். மிளகுச் சேவு என்று ஒன்று போடுகிறார்கள், மிளகு பெயருக்குத்தான். அதை வாங்க வேண்டாம்.

தூரத்து ஊர்ப் பெண்களும் இந்தச் சந்தைக்கு நிறைய வருகிறார்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே மாதத்தில் இருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. போக வர மிச்சமாகிற காசு அப்படியே இந்தத் தராசுக்கு வருகிறது என்று மதினி சொல்லிச் சிரிப்பார். நீங்களும் வருவதாக இருந்தால் நாலு மணிக்கு வாருங்கள். இரண்டாவது ஈடு அப்போதுதான் இறங்கும், கூட்டமும் இருக்காது. தூள் வேண்டும் என்றால் ஆறு மணி வரை இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின சந்தையில் மட்டும் நம்பி வராதீர்கள். வெளியூர் ஆர்டருக்கே சரக்கு போதாது, அவசரத்தில் வேக்காடும் முன்னே பின்னே இருக்கும். அதற்கு அடுத்த வாரம் வந்தால் புது எண்ணெய், புது மாவு, நிதானமான கை.