கரடிப் பித்தா, உர்சோ குளிசையா, ஒப்பரேஷனா? அம்மாட பித்தப்பைக் கல்லுக்கு நாங்க எடுத்த முடிவு

சித்தியிட மகன் கொரியாவில இருந்து லீவுல வந்த நாள் எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. ஆடி மாசம், வாற வழியில கந்தளாய் ரோட்டுக் கரையில பாலைப்பழம் வாங்கிக்கொண்டு திருகோணமலைக்கு வந்து இறங்கினவன், ஒரு கையில பழப்பை, மற்றக் கையில சின்னவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் போத்தல். "பெரியம்மா, இது கரடிப் பித்து, கல்லைக் கரைச்சுப்போடும், ஒப்பரேஷன் ஒண்டும் வேணாம்" எண்டு சொல்லி மேசையில வச்சான். கூட வேலை செய்யிற ஒரு ஆள் குடுத்ததாம். உள்ளுக்க பொன்னும் கபிலமும் கலந்த மாதிரி சின்னச் சின்னச் செதில், வெளிச்சத்துக்குப் பிடிச்சா மினுங்குது. தம்பி ஒரு துணிக்கையை நாக்கில வச்சுக் காட்டினான், முகமே கோணிப்போச்சு, அவ்வளவு கசப்பு.

அம்மாவுக்கு 63 வயசு, 58 கிலோ. ஒரு கலியாண வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு வந்த இரவு வலப்பக்க விலாவுக்குக் கீழ குத்து தொடங்கி தோள்மூட்டு வரைக்கும் ஏறிட்டு, விடிய மட்டும் இருந்துதான் கழிச்சவ. ரெண்டாம் தரமும் அப்பிடி வர ஸ்கான் எடுத்தம், பித்தப்பையில மூண்டு கல்லு, பெரியது 8 மில்லிமீட்டர். சேர்ஜன் பாத்திட்டு எடுக்கிறதுதான் நல்லம் எண்டுட்டார். ஆனா அதுக்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் அம்மாட இதயத்துக்கு ஸ்டென்ட் வச்சது, ரத்தம் உறையாம இருக்க ரெண்டு குளிசை போடுறா, ஒரு வருசத்துக்கு அதை நிப்பாட்டவே கூடாது எண்டு ஹார்ட் கிளினிக்கில கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அதால ஒப்பரேஷன் தள்ளிப்போச்சு. அந்த இடைவெளியில என்ன செய்யிறது எண்ட கேள்விக்குத்தான் இந்தப் போத்தல் ஒரு பக்கம், கல்லுக் கரைக்க டொக்டர் எழுதின உர்சோ குளிசை மற்றப் பக்கம் எண்டு வந்து நிண்டது.

ஒப்பரேஷனைப் பற்றி நான் நீட்டி எழுதப்போறதில்ல. இதயம், மூச்சு எல்லாம் சரியா இருக்கிற ஆளுக்கு, குத்து வந்து வந்து போகுதெண்டா, சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கிறதுதான் தீர்வு, பையே இல்லையெண்டா அதுக்குள்ள கல்லும் வராது. மார்க்கட்டில மீன் விக்கிற எங்கட மாமா ஒருத்தர் செய்தவர், ரெண்டு கிழமையில திரும்பக் கடையில நிண்டார். எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு ஆள்தான். அம்மாவுக்கும் அந்த வழி திறந்திருந்தா நாங்க அதைத்தான் எடுத்திருப்பம்.

சரி, போத்தல். முதல்ல ஒண்டைச் சொல்லோணும், தம்பி சொன்னது பொய் இல்ல. கரடிப் பித்தத்தில கல்லுக் கரைக்கிற சாமான் இருக்குத்தான். சீனாவில கி.பி. 659-ல தொகுத்த மருந்து நூலிலயே கரடிப் பித்தம் இருக்கு. 1902-ல சுவீடன் விஞ்ஞானி ஹமர்ஸ்டென் துருவக் கரடியிட பித்தத்தில புதுசா ஒரு அமிலம் இருக்கிறதைக் கண்டார், 1927-ல ஜப்பான்ல ஒகயாமாவில ஷோடா எண்டவர் சீனாவில இருந்து வந்த கரடிப் பித்தத்தில அதைப் பளிங்காப் பிரிச்செடுத்து உர்சோடியாக்சிகோலிக் அமிலம் எண்டு பேர் வச்சார். லத்தீன்ல உர்சஸ் எண்டாக் கரடி. அதாவது அம்மா இப்ப போடுற குளிசையிட பேருக்குள்ளயே கரடி இருக்கு. 1950-கள்ல அதை லாப்ல செய்யப் பழகி, 1957-ல ஜப்பான்ல மருந்தா விக்கத் தொடங்கிட்டாங்க, 1987-ல அமெரிக்காவில பித்தப்பைக் கல்லுக்கு அனுமதி கிடைச்சது. கொரியாவிலயே கரடிப் படம் போட்டு 'உருசா' எண்டு ஒரு குளிசை காலங்காலமா விக்கிறாங்க, அதுக்குள்ள இருக்கிறது இந்த அமிலம்தான், கரடி இல்ல. தம்பிக்கு அது தெரியாது, நான் சொல்லித்தான் தெரியும்.

இது எப்பிடி வேலை செய்யுது எண்டா, பித்த அமிலம் எண்டது எங்கட ஈரல் கொலஸ்ட்ரோலில இருந்து செய்யிற ஒரு மாதிரிச் சவுக்காரம். நெய் பிடிச்ச தட்டைச் சும்மா தண்ணியில கழுவினாப் போகாது, சவுக்காரம் போட்டாத்தான் விடும், அதைப்போல. பித்தத்தில கொலஸ்ட்ரோல் கூடி, அதைக் கரைச்சு வச்சிருக்கச் சவுக்காரம் காணாமப் போனா அது படிஞ்சு கல்லாகுது. உர்சோ போனா ஈரல் பித்தத்துக்குள்ள விடுற கொலஸ்ட்ரோல் குறையும், குடல் இழுக்கிறதும் குறையும், கல்லிட மேல்பக்கத்தில இருந்து மெல்ல மெல்ல உரிஞ்சு வரும். எங்கட உடம்பிலயும் இது கொஞ்சம் இருக்கு, ஆனா மிச்சம் குறைவு. எங்களுக்குக் கூடுதலா இருக்கிற ஒரு அமிலம் கீனோ. கீனோவுக்கும் உர்சோவுக்கும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஏழாம் கார்பன்ல ஒரு கிளை மட்டும் மற்றப் பக்கம் பாத்து நிக்கிது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு கிளை திரும்பினதால உர்சோ செல்லுகளை உறுத்தாது. கீனோவையும் முந்திக் கல்லுக் கரைக்கக் குடுத்தவங்க, வயித்தாலயும் போய் ஈரல் ரிப்போர்ட்டும் ஏறுதெண்டு பேந்து கைவிட்டுட்டாங்க.

இப்ப எங்கட முடிவை முடிவாக்கின விசயத்துக்கு வாறன். அது அளவு. மற்றதெல்லாம் இதுக்குப் பிறகுதான்.

கல்லுக்கு உர்சோ குடுக்கிற கணக்கு, ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடம்பு நிறைக்கு 8 இல இருந்து 10 மில்லிகிராம். அம்மாட 58 கிலோவுக்கு 464 இல இருந்து 580 வரைக்கும். டொக்டர் எழுதினது 250 மில்லிகிராம் குளிசை காலையில ஒண்டு இரவு ஒண்டு, மொத்தம் 500, கணக்கு நடுவில வந்து இருக்கு. இப்ப போத்தலை எடுங்க. ஆறு இனக் கரடிகளிட பித்தத்தை லாப்ல பிரிச்சுப் பாத்த ஆய்வு ஒண்டு 1993-ல வந்தது, பித்த அமிலம் முழுக்கிலயும் உர்சோ இருக்கிறது இனத்துக்கு இனம் சராசரி 1 சதவீதத்தில இருந்து 39 சதவீதம் வரைக்கும். நான் கொப்பியும் பேனையும் எடுத்துக் குசினி மேசையில இருந்து கணக்குப் போட்டன். 39 சதவீதம் எண்டா அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 1.3 கிராம் பித்த அமிலம் வேணும், 1 சதவீதம் எண்டா 50 கிராம். அந்தப் போத்தல்ல மொத்தமே அஞ்சு கிராம்தான் இருக்கும். நல்ல சரக்கெண்டா நாலு நாளைக்குக் கூட முழுசாக் காணாது, மோசமான சரக்கெண்டா ஒரு நாளைக்குத் தேவையானதில பத்தில ஒண்டு. கல்லுக் கரைய ஆறு மாசத்தில இருந்து ரெண்டு வருசம் வரைக்கும் எடுக்கும். ஒரு வருசத்துக்கெண்டாலும் ஆக நல்ல சரக்கில அரைக் கிலோவுக்குக் கிட்ட வேணும், ஆரிட்டப் போய் வாங்கிறது, எத்தினை கரடியில எடுக்கிறது?

கூடினா நல்லம்தானே எண்டும் நினைக்க ஏலாது. ஈரல்ல பித்தக்குழாய் பழுதாகிற ஒரு வருத்தத்துக்கு இதே மருந்தை கிலோவுக்கு 13 இல இருந்து 15 மில்லிகிராம் எண்டு குடுத்து நல்ல பலன் எடுக்கிறாங்க, ஆனா வேற ஒரு பித்தக்குழாய் வருத்தத்துக்கு 28, 30 எண்டு கூட்டிக் குடுத்துப் பாத்த ஆய்வில மருந்து போட்ட ஆக்களுக்குத்தான் நிலமை மோசமாச்சு, 2009-ல வெளியான முடிவு அது. ஒரே மருந்து, அளவு மட்டும்தான் மாறினது. அப்ப அளவே தெரியாத ஒரு செதிலை, அதுவும் கீனோவும் மற்ற அமிலங்களும் கலந்து கிடக்கிறதை, ரெண்டு ரத்தக் குளிசை போடுற அம்மாவுக்கு எந்த நம்பிக்கையில குடுக்கிறது?

அளவு தெரியிறதிட அருமையை நாங்க ஒரு பிழையிலயும் படிச்சம். மூண்டாம் மாசம் ஒரு பாமசியில 250 முடிஞ்சுதெண்டு 150 மில்லிகிராம் அட்டையைச் சொல்லாமத் தந்திட்டாங்க, பெட்டி ஒரே நிறம், நாங்களும் பாக்கேல்ல. ரெண்டரைக் கிழமை அம்மா 500-க்குப் பதிலா 300 தான் போட்டிருக்கிறா. ஒரு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பிப் பாத்தவ, "பிள்ளை, இதில நூத்தம்பது எண்டெல்லோ கிடக்கு" எண்டா. எனக்குச் சரியான கோவம், ஆனா அட்டையில அச்சடிச்சிருந்ததாலதான் பிழையே பிடிபட்டது. போத்தல்ல ஆர் என்னத்தை அச்சடிச்சிருக்கிறாங்க? கரடிப் பித்தெண்டு விக்கிறதுகளைப் பரிசோதிச்சுப் பாத்த இடங்கள்ல பண்டிப் பித்து நிறையத் தரம் அகப்பட்டிருக்கு.

அந்தப் பித்தம் வாற வழியையும் சொல்லத்தான் வேணும். 1980-கள்ல வட கொரியாவில தொடங்கி சீனா, தென் கொரியா, வியட்நாம் எண்டு பரவினது, நெஞ்சில வெள்ளைப் பிறை இருக்கிற ஆசியக் கறுப்புக் கரடியைக் கூட்டுக்குள்ள அடைச்சு, வயித்தில துளை போட்டோ குழாய் வச்சோ வருசக்கணக்கா வடிச்செடுக்கிறது. அந்தத் துளையில சீழ் பிடிக்கும், பித்தப்பை வீங்கும், அந்த வடிசலுக்குள்ள ரத்தமும் சீழும் கலந்து வரும், அதுதான் பேந்து காய்ஞ்சு மினுங்கிற செதிலா வருது. படத்தில ஒரு கரடி கம்பியைக் கடிச்சுக் கடிச்சுப் பல்லுடைஞ்சு கிடந்ததைப் பாத்தன், அண்டைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல. தென் கொரியாவில 2024-ல சட்டம் கொண்டுவந்து 2026 தை மாசத்தில இருந்து தடை. சர்வதேச வணிகத்துக்கு ஆசியக் கறுப்புக் கரடியும் எங்கட கரடியும் ரெண்டுமே முழுத்தடையான அட்டவணையிலதான் இருக்கு, தம்பி எயார்போட்டில பிடிபட்டிருந்தா அவன்ட வேலையே போயிருக்கும்.

எங்கட கரடி எண்டு சொன்னது சும்மா இல்ல. பன்குளம், திரியாய்க் காட்டுப் பக்கம் தேனெடுக்கப் போறவங்க யானையை விடக் கரடிக்குத்தான் கூடப் பயப்பிடுவாங்க. புத்தைத் தோண்டிக் கறையான் உறிஞ்சும், பாலை பழுக்கிற காலத்தில மரமேறும். அண்டைக்குத் தம்பி வாங்கிக்கொண்டு வந்த அதே பழத்தைத் தின்னுற சீவன். இந்த நாட்டில அதை வேட்டையாடுறது குற்றம். கொரியாவில வேலை செய்யிற எங்கட பெடியள் பித்துக்கு விலை சொல்லத் தொடங்கினா, நாளைக்கு இங்க ஒருத்தன் துவக்கை எடுக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்தப் பயம் எனக்கு உண்மையா இருக்கு.

குளிசையில குறை இல்லையா எண்டா, இருக்கு. கொலஸ்ட்ரோல் கல்லைத்தான் கரைக்கும், சுண்ணாம்பு படிஞ்ச கல்லையும் கறுத்த நிறக் கல்லையும் தொடாது. அதுக்குத்தான் டொக்டர் ஒரு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னவர், எக்ஸ்ரேயில கல்லுத் தெரிஞ்சா இந்த மருந்துக்கு வேலையில்ல, அம்மாவுக்குத் தெரியேல்ல. கல்லு சின்னனா இருக்கோணும், பித்தப்பை சுருங்கி விரியோணும். நாள் தவறாமப் போடோணும், காசும் மாசா மாசம் போகும். எல்லாம் கரைஞ்சு நிப்பாட்டினாலும் அஞ்சு வருசத்துக்குள்ள பாதிப் பேருக்குத் திரும்பக் கல்லு வருது. நெஞ்செரிவுக்குக் குடிக்கிற அலுமினியம் சேர்ந்த மருந்தை உர்சோவோட ஒண்டா எடுத்தா உர்சோ உடம்பில சேராது, அம்மா ரெண்டுக்கும் நடுவில மூண்டு மணித்தியாலம் விடுறா. முதல் கிழமை ரெண்டு மூண்டு தரம் வயித்தாலயும் போச்சு, பேந்து சரி.

இன்னொரு விசயம், இது அம்மா கேட்டது. "இந்தக் குளிசை எதில செய்யிறது?" பொய் சொல்ல எனக்கு மனம் வரேல்ல. கூடுதலா இறைச்சிக்கு வெட்டுற மாட்டிட பித்தத்தில இருந்து கோலிக் அமிலத்தை எடுத்து, அதை மாத்தித்தான் உர்சோ செய்யிறாங்க. மாட்டிறைச்சி அம்மா வாழ்க்கையில தொட்டதில்ல, வெள்ளிக்கிழமையில மீனும் இல்ல. கொஞ்ச நேரம் கையில குளிசையை வச்சுப் பாத்துக்கொண்டு இருந்தா. பிறகு, "உங்க மூண்டு பேருக்கும் கோரோசனை உரைச்சுத் தாய்ப்பாலில தந்துதானே வளத்தனான், அதுவும் மாட்டுப் பித்தக் கல்லுத்தானே" எண்டு சொல்லிப்போட்டு வாயில போட்டுத் தண்ணி குடிச்சா. வெட்டின மாட்டில வீணாப் போறதை எடுக்கிறதும், உயிரோட ஒண்டைக் கூட்டில வச்சு வடிக்கிறதும் அம்மாவுக்கு ஒண்டில்ல, எனக்கும் இல்ல.

கீழாநெல்லி, மரமஞ்சள் குடியுங்கோ எண்டு சொன்ன ஆக்களும் இருக்கு. சீனத்து வைத்தியர்கள் கரடிப் பித்துக்குப் பதிலாச் சொல்லுற மூலிகைகள்ல ஒண்டிலயும் எங்கட மரமஞ்சளிலயும் பெர்பரின் எண்ட ஒரே சத்து இருக்கு, அதால அந்தப் பேச்சை நான் தள்ளிவிடேல்ல. ஆனா ரத்தக் குளிசையோட சேத்துக் குடுக்க எனக்குத் துணிவு வரேல்ல, நாங்க பாவிக்கவும் இல்ல.

இப்ப பத்து மாசம். ஆறாம் மாச ஸ்கான்ல பெரிய கல்லு 8-ல இருந்து 5 ஆச்சு, ஒண்டு காணாமலே போயிட்டு, குத்து ஒரே ஒருக்கா லேசா வந்தது. ஒரு வருசத்துக்குள்ள குறையாட்டி மேல போட்டுப் பெரிய பலனில்ல எண்டு டொக்டர் சொன்னவர், அதால பன்னிரண்டாம் மாச ஸ்கானைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறம். அண்டைக்கு ஸ்டென்ட் தவணையும் முடிஞ்சிருக்கும், கல்லு மிஞ்சி இருந்தா ஒப்பரேஷன் கதையைத் திரும்ப எடுப்பம். எங்கட அனுபவம் ஒரு ஆளிட அனுபவம், உங்கட கல்லு என்ன சாதி எண்டு பாக்காம இதை வச்சு முடிவெடுக்காதீங்க.

போத்தல் இன்னும் அலுமாரியில கிடக்கு. குப்பையில போட அம்மா விடேல்ல, "ஒரு சீவனிட வேதனையெல்லே, சும்மா எறிய ஏலுமா" எண்டு துணியில சுத்தி வச்சிருக்கிறா. தம்பி போன கிழமை கோல் எடுத்தவன், கூட வேலை செய்யிற ஆளுக்கும் கல்லாம், அந்தக் குளிசையிட பேரை எழுதி அனுப்பு அக்கா எண்டு கேட்டான். பேரோட சேத்து, முதல்ல டொக்டரிட்டக் காட்டி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லு, ஆளை நிறுத்துக் கிலோவையும் கேள் எண்டு அனுப்பினன்.