ஏ/பி சோதனையா, கடைக்கே போய்ப் பார்ப்பதா?

எங்கள் டீம் மளிகைக் கடை, மருந்துக் கடை மாதிரி சில்லறைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறது. வாடிக்கையாளருக்கு என்ன தேவை, நாம் யோசித்தது எடுபடுமா என்று தெரிந்துகொள்ள மூன்று வழிகளைப் பேசினோம்: சர்வே, ஏ/பி சோதனை (வருபவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய வடிவத்தையும் மறு பாதிக்குப் புதியதையும் காட்டி எது எடுபடுகிறது என்று பார்ப்பது), கடைக்கே போய் உட்கார்ந்து பார்ப்பது. கடைசியைத்தான் எடுத்தோம். இப்போதும் என் ஓட்டு அதற்குத்தான், அதனால் இதை நடுநிலையான அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சர்வே பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவில்லை, ஒரே நாளில் அனுப்பிவிடலாம். ஆனால் "இந்த வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா" என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? "குடுங்க தம்பி, நல்லதுதானே" என்பார் அண்ணாச்சி, அத்தோடு மறந்தும்விடுவார்.

ஏ/பி சோதனை உண்மையிலேயே நல்ல முறை. 2012-இல் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுதளத்தில் விளம்பரத் தலைப்பைக் காட்டும் விதத்தில் செய்த ஒரு சின்ன மாற்றம் வருமானத்தை 12 சதவீதம் கூட்டியது. பல மாதங்களாக யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த யோசனை அது, சோதித்துப் பார்த்ததால்தான் அதன் மதிப்பு தெரிந்தது. சரி, நமக்கு? இங்கேதான் எல்லாம் ஆட்களின் எண்ணிக்கையில் போய் நிற்கிறது. இலவசமாகப் பார்க்க வருபவர்களில் 5 சதவீதம் பேர் வாங்குகிறார்கள், புதிய திரையால் அது 6 ஆகிறதா என்று பார்க்க வேண்டும் என்று வையுங்கள். வழக்கமான புள்ளியியல் அளவுகோலில், அதாவது 95 சதவீத நம்பகம் (வித்தியாசமே இல்லாதபோது இருக்கிறது என்று ஏமாறும் வாய்ப்பு 5 சதவீதம்), 80 சதவீதத் திறன் (உண்மையான வித்தியாசம் கண்ணில் படும் வாய்ப்பு 80 சதவீதம்) என்று வைத்தால், ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 8,000 பேர், மொத்தம் 16,000 பேர் வேண்டும். வாரத்துக்கு 300 பேர் வரும் தளத்தில் இதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அந்தத் திரையையே மாற்றியிருப்போம். 5 சதவீதம் 10 ஆகிற அளவுக்குப் பெரிய மாற்றம் என்றால் மூன்று வாரத்தில் தெரிந்துவிடும்தான், ஆனால் ஒரு பட்டனை மாற்றி அப்படி எத்தனை முறை நடந்திருக்கிறது? பொறுமையில்லாமல் தினமும் எட்டிப் பார்த்து, புதிய வடிவம் ஜெயிப்பது போலத் தெரிந்த அன்றே நிறுத்தினால், தற்செயலை வெற்றி என்று நம்பிவிடுவோம். போதாக்குறைக்கு பராமரிப்பு வேறு: இரண்டு வடிவத்துக்கும் நிரல் வைத்திருக்க வேண்டும், சப்போர்ட்டுக்கு போன் செய்பவர் எந்தத் திரையைப் பார்க்கிறார் என்று எடுப்பவருக்குத் தெரிய வேண்டும். இந்தச் சோதனைக்கு இலவசமாக இருந்த கூகுள் ஆப்டிமைஸ் என்ற கருவியையும் 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

கடைக்குப் போனால் கிடைப்பது வேறு ரகம். எங்கள் மென்பொருளில் கடன் கணக்கு எழுத வசதி இருந்தும் பல கடைகளில் கல்லாப்பெட்டி பக்கத்தில் கடன் நோட்டு கிடந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் காரணம் புரிகிறது: பொருள் வாங்க வருபவர் பக்கமும் திரை தெரிகிறது, ஒருவர் பாக்கியைத் திறந்தால் பட்டியலில் இருக்கிற அடுத்தவர் பாக்கியும் தெரிந்துவிடும். எந்தச் சர்வேயிலும் இதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், நமக்கும் கேட்கத் தோன்றியிருக்காது. மவுஸை ஓரமாகத் தள்ளிவிட்டு விசைப்பலகையிலேயே வேலையை முடிக்கிற பையன்களையும் அங்கேதான் பார்த்தோம். போகும்போது டெவலப்பர் ஒருவரையும் கூட்டிப்போங்கள், அறிக்கை எழுதிக் கொடுத்துப் புரியவைக்கிற வேலை பாதி மிச்சம்.

எத்தனை கடை போதும்? ஐந்து பேரிடம் சோதித்தால் பயன்பாட்டுச் சிக்கல்களில் 85 சதவீதம் வெளிவரும் என்று பயன்பாட்டு ஆய்வு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொருவரும் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களில் மாட்டுவார்கள் என்ற கணக்கில் வந்தது அது. இருபதில் ஒருவருக்கு மட்டும் வரும் சிக்கல் ஐந்து பேரில் ஒருவரிடமாவது தென்பட நாலில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. அதனால் ஐந்தோடு நிறுத்தாமல், மருந்துக் கடைக்கு ஐந்து, மளிகைக்கு ஐந்து என்று பிரித்துக்கொள்வது நல்லது.

லட்சக்கணக்கில் ஆட்கள் வரும் செயலியில் நான் வேலை செய்ததில்லை, அங்கே ஏ/பி-க்கே முதலிடம் கொடுக்க வேண்டியிருக்கலாம். அப்புறம் விலை. அதைக் கடையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாதீர்கள், எதிரில் இருப்பவருக்குச் சங்கடம், உண்மை வராது. வசதியை முழுதாகக் கட்டும் முன்பே விலையைச் சொல்லி முன்பணம் கேளுங்கள், எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று பாருங்கள், வசதி வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.