விலை எட்டு மடங்கு, பாதுகாப்பு எத்தனை மடங்கு?

மூன்று ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்களை மேசைமேல் வரிசையாக வைப்போம். முதலாவது, முறையான சான்றிதழ் உள்ளவற்றிலேயே மலிவானது. அதன் விலையை ஒரு பங்கு என்று கொண்டால் இரண்டாவது மூன்று பங்கு, மூன்றாவது எட்டுப் பங்கு. மூன்றின் தாடை வாரிலும் ஒரே ஐரோப்பியச் சான்று, இசிஇ 22.06. சான்றிதழே இல்லாத பிளாஸ்டிக் தொப்பிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவை அபராதத்துக்குப் பயந்து வாங்கும் சாமான்.

எட்டுப் பங்கு கொடுத்தால் எட்டு மடங்கு பாதுகாப்பு வராது என்பது யாரும் ஊகிக்கக்கூடியதுதான். ஒன்றரை மடங்குகூட நிச்சயமில்லை, சில வகை அடிகளில் மூன்றாவதைவிட இரண்டாவதே மேலாக இருக்கலாம் என்றால்தான் பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும்.

தெர்மோகோல் கணக்கு

தலை தரையில் மோதும்போது உண்மையில் வேலை செய்வது உள்ளே இருக்கும் தெர்மோகோல். டிவிப் பெட்டிக்குள் வரும் அதே இனம், அடர்த்தி மட்டும் அதிகம். மண்டை அழுத்த அழுத்த அது நசுங்குகிறது. அந்தச் சில மில்லி வினாடிகளில்தான் மூளை உருப்படியாக நிற்கிறது. வெளி ஓடு அடியைப் பரப்பிவிடும், கூரான எதையும் உள்ளே விடாது, தார்ச்சாலையில் சிக்காமல் வழுக்கிப் போகும். தெர்மோகோல் அப்படியொன்றும் விலையுயர்ந்த சரக்கு இல்லை. விலை கூடிய ஹெல்மெட்டில் உச்சிக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என இடத்துக்கு ஏற்ப அடர்த்தியை மாற்றி வார்த்திருப்பார்கள். இது நல்ல வேலைப்பாடுதான். ஆனால் நடுத்தர விலையிலும் இன்று கிடைக்கிறது.

22.06 சோதனையில் ஹெல்மெட்டுக்குள் உலோகத் தலையைப் பொருத்தி, வினாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்புப் பாளத்தின் மேல் மோதவிடுகிறார்கள். சுமார் 2.87 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய ஒரு மாடியிலிருந்து விழுந்தால் வரும் வேகம் இது. உள்ளே இருக்கும் தலைக்கு 275 ஜி-க்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் 275 மடங்குக்கு, மேல் அதிர்ச்சி போகக்கூடாது. முந்தைய 22.05-இல் ஓட்டின் மேல் அடிக்கு இந்த ஒரு வேகம்தான். புதியதில் 8.2 மீட்டர் வேகமும் சேர்ந்தது, 6 மீட்டர் வேகமும் சேர்ந்தது. அந்த 6 மீட்டர் அடிக்கு வரம்பு 180 ஜி.

மெதுவான அடிக்கு எதற்குத் தனிச் சோதனை என்று தோன்றும். காரணம், பலமான அடியை மட்டும் மனதில் வைத்துச் செய்த ஹெல்மெட் கெட்டியாக இருக்கும். சாதாரணமாக விழும்போது அதன் தெர்மோகோல் போதுமான அளவு நசுங்காது. அதிர்ச்சி நேராகத் தலைக்குப் போகும். பந்தயத்தை நினைத்துச் செய்த விலையுயர்ந்த ஹெல்மெட்களில் முன்பு இந்தக் குறை இருந்தது. ஹெல்மெட்களுக்குச் சான்று தரும் அமெரிக்காவின் ஸ்னெல் அமைப்பு ஒரே இடத்தில் இரண்டு முறை அடித்துப் பார்க்கும். இரண்டாவது அடியையும் தாங்க வேண்டுமென்றால் ஓட்டைக் கெட்டியாக்காமல் முடியாது. பந்தயத் தடத்தில் அதற்கு அர்த்தம் உண்டு. சாலையில் ஒரே புள்ளியில் இரண்டு முறை அடிபடுவது அபூர்வம்.

அமெரிக்காவின் டிஓடி முத்திரை இன்னும் தளர்வானது. அங்கே உச்ச வரம்பு 400 ஜி; தேறியதாகச் சொல்வதும் தயாரிப்பாளரே. அரசு பிறகு கடையிலிருந்து சிலவற்றை வாங்கிச் சோதிக்கும். டிஓடி மட்டும் உள்ளதைவிட 22.06 உள்ளது மேல் என்பதில் சந்தேகம் வேண்டாம், விலை எதுவானாலும்.

பிரிட்டன் அரசின் ஷார்ப் திட்டம் ஹெல்மெட்களைத் தானே கடையில் வாங்கி, வினாடிக்கு 8.5 மீட்டர் வரை மோதவிட்டு, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறது. அந்தப் பட்டியலை விலைப்படி அடுக்கிப் பார்த்தால் நட்சத்திரங்கள் ஏறுவரிசையில் வராது. மலிவான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஓட்டுக்கு ஐந்தும், பல மடங்கு விலையுள்ளதற்கு மூன்றும் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். வாங்கப்போகும் மாடல் அதில் இருந்தால், விளம்பரத் தாளைவிட அந்த வரியை நம்பலாம்.

சாய்வாக மோதித் தலை சட்டென்று திரும்புவது தனி ஆபத்து. அதற்காக மிப்ஸ் என்ற வழுக்கும் உள்ளடுக்கு வந்தது. மோதும் கணத்தில் தலை 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நழுவ இடம் கொடுக்கும். 22.06-இல் 45 பாகைச் சாய்வில், உப்புக்காகிதம் ஒட்டிய பரப்பில் இந்தத் திருப்பத்தையும் சோதிக்கிறார்கள். ஆக, சான்று பெற்ற எதுவும் இந்தச் சோதனையைக் கடந்துதான் வந்திருக்கும். மிப்ஸ் இருந்தால் நல்லது. அதற்காக மட்டும் அடுத்த விலைக்குத் தாவ வேண்டியதில்லை.

எடையும் ஓடும்

முதல் ஹெல்மெட்டின் ஓடு ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட். அச்சில் உருக்கி ஊற்றி நிமிடக் கணக்கில் எடுப்பது. மூன்றாவதில் கண்ணாடி இழையோ கார்பன் இழையோ, கையால் அடுக்கடுக்காகப் பரப்பி பிசின் ஊற்றிச் செய்தது. விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்தக் கைவேலைக்கே போகிறது. பதிலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 150 முதல் 300 கிராம் எடைக் குறைவு. பிளாஸ்டிக் ஓடு 1,500 முதல் 1,700 கிராம், கார்பன் 1,300 பக்கம். அரை மணி நேரப் பயணத்தில் இது தெரியாது. மூன்று மணி நேரம் ஓட்டினால் கழுத்து சொல்லும்.

ஆனால் இழை என்றாலே லேசு என்று நினைத்துவிடக் கூடாது. 1,600 கிராமைத் தாண்டும் இழை ஹெல்மெட்களும் உண்டு. தராசில் வைத்துப் பார்ப்பதே சரி.

பாலிகார்பனேட்டுக்கு ஒரு எதிரி இருக்கிறது: பெட்ரோல், தின்னர், சில ஸ்டிக்கர் பசைகள். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். டேங்க் மூடிமேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, சோப்புத் தண்ணீரில் மட்டும் துடைத்தால் அது தன் ஆயுள்வரை சரியாகவே இருக்கும்.

விலை கூடியதில் உண்மையாகவே மேலான ஒன்று, ஓட்டின் அளவுகள். மலிவான மாடலில் எக்ஸ்எஸ் முதல் எக்ஸ்எல் வரை ஒரே ஓடு அல்லது இரண்டு ஓடு. சின்னத் தலைக்கு உள்ளே பஞ்சை ஏற்றி ஈடுகட்டுவார்கள். ஹெல்மெட் பூசணிக்காய் போல இருக்கும், காற்று பிடித்து இழுக்கும், பஞ்சு ஆறு மாதத்தில் அமுங்கியதும் தளர்ந்துவிடும். மேல்விலை மாடலில் மூன்று முதல் ஐந்து ஓடுகள் வரை இருக்கும். தலைச் சுற்றளவு 55 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருப்பவர்கள் இதற்காக நடுத்தர விலைக்கு ஏறுவது வீண் செலவு இல்லை.

தலைக்குப் பொருந்தாவிட்டால் ஐந்து நட்சத்திரமும் பயனில்லை

புருவத்துக்கு மேலே இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி, பின்மண்டையின் துருத்திய இடத்தைச் சுற்றி நாடாவால் அளக்க வேண்டும். அது தொடக்கம்தான். தலை நீள்வட்டமா உருண்டையா என்பதை நாடா சொல்லாது. போட்டுக்கொண்டு முப்பது நிமிடம் இருந்து பாருங்கள். கழற்றியதும் நெற்றி நடுவில் சிவந்த தடம் இருந்தால், உங்கள் தலை நீளம், ஹெல்மெட் உருண்டை. இரு பக்க நெற்றிப்பொட்டுகளில் வலித்தால் நேர்மாறு. இதைப் பெரிய அளவு வாங்கிச் சரிசெய்ய முடியாது. வேறு மாடல்தான் வழி.

கன்னத்தை நன்றாக இறுக்க வேண்டும், பேசும்போது உள்கன்னம் பல்லில் படும் அளவுக்கு. பதினைந்து இருபது மணி நேரம் ஓட்டியதும் அந்தப் பஞ்சு இளகும். புதிதிலேயே சுகமாக இருப்பது மூன்று மாதத்தில் ஆடும். கடைசியாக, வாரைப் பூட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கி மேலே தூக்கச் சொல்லுங்கள். கண்ணை மறைக்கும் அளவுக்குச் சுழன்றால் அது வேண்டாம். விபத்தில் தலையைவிட்டுக் கழன்று போகிற ஹெல்மெட்டுக்கு என்ன விலை கொடுத்திருந்தால் என்ன?

மேல்விலை மாடல்களுக்கு வெவ்வேறு தடிமனில் கன்னப் பஞ்சு தனியாகக் கிடைக்கும். அசாதாரணத் தலைவடிவம் உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி.

வாரில் விலை ஏறினால் பெரும்பாலும் இரட்டை வளையம், மலிவில் பல்சக்கரக் கொக்கி. இரண்டும் தேறியவையே. இரட்டை வளையத்தில் வாரை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, வெளி வளையத்தைச் சுற்றித் திருப்பி, உள் வளையம் வழியாக இழுக்க வேண்டும். நுனியில் இருக்கும் பொத்தான் மிச்ச வார் காற்றில் அடிக்காமல் இருக்க மட்டுமே. பொத்தானை மட்டும் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் வாரே இல்லாமல் போகிறார்கள். பல்சக்கரக் கொக்கியின் சிக்கல் வேறு: வாங்கிய அன்று நீளத்தைச் சரிசெய்ததோடு மறந்துவிடுவது. பஞ்சு அமுங்க அமுங்க வார் தளரும். மாதம் ஒருமுறை மறுமுனையைச் சுருக்க வேண்டும்.

வைசர், சத்தம், காற்று

பணம் நன்றாகத் தெரியும் இடம் இதுதான். நல்ல வைசர் சட்டென்று கழன்று மாட்டும், ரப்பர் விளிம்பில் சீராகப் பதியும், மழைத்தண்ணீர் உள்ளே வழியாது. மலிவானதில் ஒரு ஆண்டில் கொக்கி தளர்ந்து, ஒரு பக்கம் மட்டும் மூடும். கீறல் விழுந்தபின் இரவில் எதிர்வண்டி வெளிச்சம் நட்சத்திரமாக விரிகிறது. அப்போது புது வைசர் கேட்டால் அந்த மாடலே நின்றுபோயிருக்கும். பெரிய நிறுவனங்கள் பல ஆண்டு உதிரிபாகம் வைத்திருக்கின்றன. ஹெல்மெட் எடுக்கும்போதே கூடுதல் வைசர் ஒன்றையும் வாங்கிவிட்டால் இந்த வித்தியாசம் பாதி குறையும்.

பனி மூடாமல் இருக்க பின்லாக் என்ற உள்தகடு சிறந்த ஏற்பாடு. தகட்டின் ஓரத்தில் ஓடும் சிலிகான் கோடு வைசரில் முழுக்க ஒட்டி, நடுவில் காற்றைச் சிறைப்படுத்துகிறது. வைசரைக் கழற்றி, லேசாக விரித்து, இரண்டு முனைகளுக்கு நடுவே தகட்டை மாட்ட வேண்டும். எங்கேயாவது சிலிகான் தொடாமல் இருந்தால் அங்கேதான் ஈரம் புகும். முனைகளைத் திருகி இறுக்கலாம். வைசரில் அந்த இரண்டு முனைகள் இருந்தாலே போதும், விலை பார்க்க வேண்டியதில்லை.

சத்தத்தைக் குறைக்கும் என்று சொல்லித்தான் பல விலையுயர்ந்த மாடல்கள் விற்பனையாகின்றன. மணிக்கு 100 கிலோமீட்டரில் காதருகே 100 டெசிபல் வரை போகும். அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷ் கணக்கில் 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் என்றால் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். கழுத்தடியில் சுழலும் காற்றுதான் முக்கியக் காரணம். எந்த ஹெல்மெட்டும் அதைச் சில டெசிபல்தான் குறைக்கும். சரியாகச் செருகிய நுரைக் காதடைப்பு அதைவிடப் பல மடங்கு குறைக்கும், விலை ஒரு காப்பிக்குமேல் போகாது.

எட்டுப் பங்கு யாருக்கு

நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்குமேல் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டுபவர், டேங்க்மேல் குனிந்து ஓட்டும் வண்டி வைத்திருப்பவர், பந்தயத் தடத்தில் குறிப்பிட்ட சான்று கேட்கப்படுபவர். இவர்களுக்கு எடை, காற்றில் தலை தூக்காமை, குனிந்தாலும் முன்னால் தெரியும்படி உயரமான கண்வாசல் எல்லாம் காசுக்கு ஈடாகும். மற்றவர்களுக்கு நடுவில் இருக்கும் மூன்று பங்கே சரி. கையில் காசு அதற்கும் குறைவென்றால், ஒரு பங்கில் நன்றாகப் பொருந்துவது, மூன்று பங்கில் பொருந்தாததைவிட நிச்சயம் மேல்.

ஆயுள் கணக்கும் இதே பக்கம் சாய்கிறது. வியர்வை, தலை எண்ணெய், வெயில் மூன்றும் பஞ்சையும் பசையையும் அரிக்கும். ஐந்து ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். கார்பன் ஓட்டுக்கும் அதே ஐந்துதான். பத்து ஆண்டுக்கு இரண்டு நடுத்தர ஹெல்மெட் என்றால் ஆறு பங்கு. எட்டுப் பங்கு கொடுத்தவர் ஒன்றையே பத்து ஆண்டு போட்டுக்கொண்டிருப்பார்.

வாரில் தைத்த சீட்டையும் படித்துவிடுங்கள். 22.06 என்றால் எண் 06 என்று தொடங்கும். பிறகு பி (P) என்ற எழுத்து இருந்தால் தாடைப் பகுதி சோதனையில் தேறியது. ஜே (J) என்றால் முகம் திறந்த வகை. என்பி (NP) என்றால் தாடைப்பட்டை இருக்கிறது, ஆனால் காக்காது. தூக்கி இறக்கும் மாடுலர் வகையில் பி, ஜே இரண்டும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. விலை கூடக்கூட, அடிபட்டபின் தூக்கிப்போட மனம் வராது. பாலிகார்பனேட் ஓடு வளைந்து பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். இழை ஓட்டில் வண்ணத்துக்கு அடியில் அடுக்குகள் பிரிந்திருக்கும். வெளியே ஒரு கீறல்தான் தெரியும். துணி உறையைக் கழற்றி, தெர்மோகோலை விரலால் தடவி, குழியோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் அது முடிந்த கதை. ஒன்றும் தட்டுப்படவில்லை என்றாலும், தலை உள்ளே இருக்கும்போது விழுந்த ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள். வண்டி இருக்கையிலிருந்து காலியாக உருண்டு விழுந்ததற்கு இவ்வளவு பயம் தேவையில்லை. நசுக்க உள்ளே தலை இல்லை.