மெழுகை எதில் உருக்குவது? நேரடி அடுப்பு, மைக்ரோவேவ், தண்ணீர்ப் பாத்திரம்

வீட்டில் மெழுகுவர்த்தி செய்யத் தொடங்குபவர்கள் எந்த மெழுகு நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதை எப்படி உருக்குவது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் தீ விபத்து நடப்பது உருக்கும்போதுதான்.

பாத்திரத்தை நேராக அடுப்பில் வைத்தால் சீக்கிரம் உருகும். அந்த முறையில் வேறு நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை. தண்ணீராவது கொதித்துச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். மெழுகு அமைதியாகவே இருக்கும். பாரஃபின், அதாவது கடையில் கிடைக்கும் சாதாரண மெழுகு, 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். அப்புறமும் அடுப்பில் இருந்தால் கொதிக்காமலேயே சூடு ஏறிக்கொண்டு போகும். 200 டிகிரியை நெருங்கும்போது அதன் ஆவி தீப்பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும். போன் பேசிவிட்டுத் திரும்பும் நேரம் போதும். இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மைக்ரோவேவ் பரவாயில்லை, அதுவும் கொஞ்சம் சோயா மெழுகுக்கு மட்டும். பாரஃபின் நுண்ணலையை அதிகம் உறிஞ்சாது. மெழுகு கட்டியாகவே இருக்க, பாத்திரம் கையைச் சுடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளற வேண்டும். அடியில் உலோகத் தகடு உள்ள திரியை உள்ளே வைக்கவே கூடாது.

என் தேர்வு, தண்ணீருள்ள பெரிய பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை வைப்பது. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அது வற்றாதவரை மெழுகும் தாண்டாது. நாம் கவனம் தவறினாலும் தண்ணீர் காவல் இருக்கிறது. மெதுவாகத்தான் உருகும், அந்த நேரத்தைக் கொடுத்துவிடலாம். அடியில் ஒரு வளையம் போட்டு, அதன்மேல் மெழுகுப் பாத்திரத்தை வையுங்கள். தண்ணீர் குறையக் குறைய ஊற்ற வேண்டும். வற்றிவிட்டால் இதுவும் நேரடி அடுப்புதான். தண்ணீர்த் துளி மெழுகில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் சுடர் படபடக்கும். ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். தேன்மெழுகு 85 டிகிரியைத் தாண்டினால் நிறம் மங்கும்.

மெழுகு வகையைப் பொறுத்தவரை, புதிதாகச் செய்பவர்களுக்குச் சோயா போதும். அது மென்மையானது என்பதால் கண்ணாடிக் குவளையில் ஊற்றத்தான் ஏற்றது. தனியாக நிற்கும் வர்த்திக்குப் பாரஃபினோ தேன்மெழுகோ வேண்டும். தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி தேவை; கையில் சிந்தினால் சோயாவைவிட மோசமாகச் சுடும்.

எந்த முறையானாலும் பொருத்தமான மூடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், பாத்திரத்தை நகர்த்தாதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது: அது நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபுறமும் வாரி இறைக்கும். மிச்ச மெழுகைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைத்துவிடும். பழைய காகிதக் குவளையில் ஆறவிட்டு, அடுத்த முறைக்கு எடுத்து வையுங்கள்.