மொழங்கால் வலிக்காரங்க தைரியமா போலாம், அந்த ஏணிய மட்டும் மாத்தோணும்

ஈரோட்ல பெருந்துறை ரோட்டுப் பக்கம் இருக்கற இந்த நீச்சல் குளத்துல வெடியால பொம்பளைங்களுக்குன்னே தனி பேட்ச் நடக்குதுங்க. நீச்சல் கிளாஸ் இல்ல, நெஞ்சளவு தண்ணில நின்னு பண்ற எக்சர்சைஸ். நீச்சல் தெரியாதவங்களும் வரலாம், தலைய நனைக்கவே வேண்டியதில்ல. இத மொதல்லயே சொல்லிப்போடறேன், எனக்குத் தெரிஞ்ச பாதிப் பேரு "நமக்குத்தான் நீச்சல் வராதே"ன்னு வலியோட வீட்லயே உக்காந்துட்டு இருக்காங்க.

நான் ஜவுளிக்கடைல நாள் முழுக்க நின்னே வேலை பாத்தவ, ரெண்டு மொழங்கால்லயும் தேய்மானம். டாக்டர் நடக்கச் சொல்லுவாரு, வ.உ.சி. பார்க்ல ரெண்டு ரவுண்டு போனாலே பொழுதோட கால் வீங்கிக்கும், அப்பறம் நடக்காமயே விட்டா எடை ஏறும், எடை ஏறுனா இன்னும் வலி. பிசியோதெரபி பாக்கற பொண்ணுதான் தண்ணில பண்ணிப் பாருங்கம்மான்னு சொல்லுச்சு.

இடுப்பளவு தண்ணில நின்னா கால் மேல வர்ற எடை கிட்டத்தட்ட பாதியாயிருது, நெஞ்சளவு போனா மூணுல ஒரு பங்குதான். 60 கிலோ ஆளுன்னா மொழங்கால் தாங்கறது 20 கிலோ சுமாருக்குத்தானுங்க. ஆனா தண்ணி சும்மா விடாது, வேகமாத் தள்ளத் தள்ள அதுவும் அவ்வளவு எதுத்துத் தள்ளும், அதனால மூட்டுக்கு அதிர்ச்சியே இல்லாம தொடைச் சதைக்கு நல்ல வேலை கெடைக்குது, அந்தச் சதைதானே மூட்டப் புடிச்சு நிறுத்தறது.

கோச் அம்மிணி மொதல்ல முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுலன்னு நடக்க விடுவாங்க. அப்பறம் கிக்போர்டு, நீச்சல் பழகறவங்க புடிச்சுக்கற மெதக்கற பலகைங்க. பலகைய நட்டமா தண்ணிக்குள்ள அமுக்கிப் புடிச்சு தள்ளிட்டே நடக்கோணும். படுக்கையாப் புடிச்சா ஒண்ணுமே தெரியாது, நிமுத்துன ஒடனே கையி, வயிறு, தொடை எல்லாம் ஒண்ணா இறுகும். முடியாதவங்க கொஞ்சம் சாய்ச்சுப் புடிச்சுக்கலாம், இவ்வளவுதான் முடியும்னு அவங்கவங்களே முடிவு பண்ணிக்கலாம், எனக்கு இதுதான் ரொம்பப் புடிச்சுது. தண்ணிக்குள்ள நாடித்துடிப்பு வெளில இருக்கறதவிட கம்மியாத்தான் காட்டும்னு சொல்லி, பல்ஸ் பாக்க விடமாட்டாங்க, மூச்சு வாங்குனாலும் பேச முடியுதான்னு கேப்பாங்க. வேர்க்கறதே தெரியாதுங்கறதால தண்ணி பாட்டில் கரையிலயே வெச்சிருக்கோணும்.

ஒடம்பு கதை பாதிதானுங்க, மனசுதான் மீதி. எங்க பேட்ச்ல ஒரு அக்கா, வீட்டுக்காரர் தவறிப் போனதுக்கப்பறம் மக கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போவா. ஓரத்துல இருக்கற பைப்பப் புடிச்சுட்டே நிப்பாங்க, யாருகிட்டயும் பேச்சில்ல. கோச் இழுக்கவும் இல்ல, திட்டவும் இல்ல, அந்த நீளமான நுரைக் குழாயக் கக்கத்துல வெச்சுக் குடுத்துட்டு பக்கத்துலயே நின்னாங்க. ஊர்ல கெணத்துல நீச்சல் பழகறப்ப முதுகுல சொரைப்புருடை கட்டுவாங்களே, அதே மாதிரிதான் அது தாங்கும். மெதுவா பைப்ப விட்டாங்க. இப்ப ஒண்ணு ரெண்டுன்னு எல்லாத்துக்கும் எண்ணிக்கை சொல்றதே அந்த அக்காதான், கொரலு அந்த ஷெட்டு முழுக்கக் கேக்கும். வெசனம் எல்லாம் போயிருச்சுன்னு நான் சொல்லல, ஆனா வெடிஞ்சா போறதுக்கு ஒரு எடம், "ஏன் நேத்து வரல"ன்னு கேக்க நாலு பேரு, இது சின்ன விசயமில்லீங்க. எனக்கும் தூக்கம் நல்லா வருது, ராத்திரி கால் கொடையறது கொறஞ்சிருக்குது.

இதுல ஆராய்ச்சியும் இருக்குதுங்க. 2016-ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகளத் தொகுத்துப் பாக்கற அமைப்போட தொகுப்புல மூட்டுத் தேய்மானக்காரங்க 1190 பேர வெச்சு நடந்த 13 ஆய்வுகள ஒண்ணாச் சேத்துப் பாத்தாங்க, முக்காவாசிப் பேரு பொம்பளைங்க. வலியும் நடமாட்டமும் கொஞ்சம் நல்லாகுது, ஆனா அது பண்ணி முடிச்ச கொஞ்ச நாளைக்குத்தான். அதனால விட்டுப்போடாம போகோணும். எலும்பு பலத்துக்கு இது மட்டும் பத்தாது, அதுக்கு தரைல எடை தாங்கி நடந்தாத்தான் ஆகும், நான் தண்ணி கிளாஸ் இல்லாத நாள்ல மெதுவா நடக்கறேன்.

தண்ணி சுத்தம் நல்லாவே பாக்கறாங்க. தெனமும் சின்ன குப்பில தண்ணி எடுத்து மருந்துச் சொட்டு விட்டு நெறம் பாத்து போர்டுல எழுதறாங்க, குளோரின் 1-லிருந்து 3 பிபிஎம்முக்குள்ள (லிட்டருக்கு இத்தன மில்லிகிராம்னு கணக்கு), பிஎச், அதாவது தண்ணியோட புளிப்பு-காரத் தன்மை, 7.2-லிருந்து 7.8-க்குள்ள இருக்கோணும். கண்ணெரிச்சலா ஒரு நெடி அடிச்சா குளோரின் ஜாஸ்தின்னு நெனைக்காதீங்க, வேர்வையும் மூத்திரமும் குளோரினோட கலந்தாத்தான் அந்த நெடி. தயவு செஞ்சு ஷவர்ல நல்லா குளிச்சுட்டு எறங்குங்க, தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு வராதீங்க.

டிரஸ் நைலான் லைக்ரால முழுக்கை, முழுக்கால் வெச்சதே போட விடறாங்க, நைட்டி, சுடிதார் ஆகாது. மொத நாளு கூச்சமாத்தான் இருக்கும், எறங்குனப்பறம் நெஞ்சுக்குக் கீழ யாருக்கு என்ன தெரியப்போகுது.

இப்ப கொறை. ஏறி எறங்கறதுக்கு செங்குத்தான ஸ்டீல் ஏணிதான். முக்காமணி நேரம் தண்ணில மறந்திருந்த எடையெல்லாம் அந்த ஏணில கால வெச்ச ஒடனே மொழங்கால்ல வந்து எறங்குது. மூட்டு வலிக்காரங்களுக்குன்னு கிளாஸ் நடத்தறவங்க அகலப் படியும் கைப்புடியும் வெக்கறதுதானுங்களே நாயம்? டிரஸ் மாத்தற ரூம்ல டைல்ஸ் வழுக்குது, ரப்பர் மேட்டும் இல்ல. கேட்டா "பாக்கலாங்க்கா"ன்னுதான் பதில். மே மாசம் கொழந்தைங்க கேம்ப்புன்னு எங்க பேட்ச்சையே நிறுத்திட்டாங்க, அந்த மாசம் கால் திரும்ப இறுகிப் போச்சு, பணம் கட்டறவங்க நாங்களும்தான்.

மார்கழில தண்ணி சில்லுன்னு இருக்கும், சூடு பண்ற வசதி இல்ல, மூட்டு வலிக்காரங்க அப்ப மட்டும் வெயில் வந்தப்பறம் இருக்கற பேட்ச் கேளுங்க. ஆறாத புண்ணு, நெஞ்சு வலி, பிட்ஸ் இருக்கறவங்க டாக்டரக் கேக்காம எறங்க வேண்டாம். சர்க்கரைக்கு ஊசி போடறவங்க வெறும் வயித்துல வராதீங்க, தண்ணிக்குள்ள போடற ரப்பர் செருப்பும் ஒண்ணு வாங்கிக்குங்க. சேரறவங்க ஆபீஸ்ல பாரம் நெரப்பறப்ப அந்த ஏணி விசயத்தையும் ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வாங்க, நாலு பேரு கேட்டாத்தான் செய்வாங்க.