அஃப்ரோடைட்டிக்கு எந்த வாசனை: ரோஜாவா, வெள்ளைப்போளமா, மருவா?

இயற்கைப் பொருட்களை மட்டும் வைத்துச் செய்த பெர்ஃப்யூம் ஒன்றுக்கு அஃப்ரோடைட்டி என்று பேர் வைத்திருந்தால், உள்ளே ரோஜா இருக்கும் என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடலாம். காதலின் தெய்வம், காதலின் பூ. நானும் வீட்டில் அப்படித்தான் கலந்துகொண்டிருந்தேன். பழைய கிரேக்கப் பாடல்களைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், இந்தப் பேருக்கு உரிமை கேட்டு இன்னும் இரண்டு பொருட்கள் நிற்பது தெரிந்தது. ஒன்று வெள்ளைப்போளம் என்ற மரப்பிசின். இன்னொன்று, பூக்கடையில் கதம்பத்தோடு சேர்த்துக் கட்டும் மரு.

முதலில் ரோஜா. அதன் பக்கம் சாட்சி பலமாகவே இருக்கிறது. கிரேக்க நாட்டின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகளில், கி.மு. 1200 வாக்கில், ரோஜா வாசனை ஏற்றிய ஆலிவ் எண்ணெய்க்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியத்தில் அஃப்ரோடைட்டியே ரோஜா எண்ணெயைக் கையில் எடுக்கிறாள். ஆனால் எங்கே? 23-ஆம் பகுதியில். டிராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலீஸ், அவன் உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். தோல் கிழியாமல் இருக்க அந்த உடல் முழுவதும் ரோஜா எண்ணெய் பூசுகிறாள், இரவும் பகலும் நாய்களை அண்டவிடாமல் காக்கிறாள். இதைப் படித்த அன்றிலிருந்து ரோஜா எண்ணெயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சிதான் வருகிறது. அது காதல் வாசனையாக இல்லை, காவல் வாசனையாக இருக்கிறது.

தோலில் எப்படி நடந்துகொள்கிறது என்பது அடுத்த கேள்வி. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் வாசனைகளைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதியிருக்கிறார். ரோஜா மிக லேசானது, ஆண்களுக்குப் பொருந்தும் என்கிறார் அதில். பெண்களுக்குச் சிபாரிசு செய்வது வெள்ளைப்போளம் மாதிரி கனமானவற்றை. அவை சீக்கிரம் ஆவியாகாது என்பது காரணம். ஆண், பெண் என்று அவர் பிரிப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் லேசானது, கனமானது என்ற கணிப்பு என் மணிக்கட்டிலும் சரியாகவே வந்தது. தனி ரோஜா எண்ணெய் முதல் அரைமணி நேரம் அபாரமாக இருக்கும், மதியத்துக்குள் தேட வேண்டியிருக்கும். அந்த அரைமணி நேரத்தின் பலத்தையும் அவர் எழுதியிருக்கிறார்: வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய் மோந்து பார்க்க முடியாதபடி, கடைக்காரர்கள் முதலில் ரோஜாவைப் பூசிவிடுவார்களாம்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று டன்னுக்கு மேல் இதழ் வேண்டும். பல்கேரியாவின் கசன்லக், துருக்கியின் இஸ்பார்ட்டா, நம் பக்கம் கன்னோஜ் என்று எங்கிருந்து வந்தாலும் மலிவாகக் கிடைக்காது. மலிவாகக் கிடைத்தால் கலப்படம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெள்ளைப்போளம். சோமாலியா, எத்தியோப்பியா, ஏமன் பக்கத்து முள்மரத்தில் வடிந்து இறுகும் பிசின். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நாக்கில் வைத்தால் கசக்கும். மூக்குக்கு முதலில் மருந்து, பிறகு ஈரமண், கடைசியில் ஒரு மங்கலான இனிப்பு. கதையில் இதற்கு ரோஜாவைவிட நெருங்கிய உறவு உண்டு. சைப்ரஸ் மன்னன் கினிராஸின் மகள் மிர்ரா பெரும்பழிக்கு ஆளாகி, மரமாக மாறிவிடுகிறாள். அவள் கண்ணீர்தான் அந்தப் பிசின். அந்த மரத்தின் பட்டை பிளந்து பிறந்தவன் அடோனிஸ், அஃப்ரோடைட்டி உயிராக நேசித்து இழந்தவன். தெய்வத்தின் காதலனே இந்த மரத்தின் பிள்ளை.

இதைவிட என் மனதை மாற்றியது சாஃபோவின் ஒரு பாடல் துண்டு. கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் கி.மு. 600 வாக்கில் பாடிய கவிஞர் அவர். ஹெக்டரும் ஆண்ட்ரோமக்கியும் கல்யாணம் முடித்து டிராய் நகருக்குள் வருகிறார்கள். தெருவெங்கும் வெள்ளைப்போளமும் லவங்கப்பட்டை வகையும் குங்கிலியமும் கலந்து புகைகின்றன. அதே ஹெக்டர்தான். பிணத்துக்கு ரோஜா, கல்யாணத்துக்குப் போளம். காதல் தெய்வத்தின் பேரில் ஒரு வாசனை வேண்டும் என்றால் எதை அடியில் வைப்பது என்று அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

குறையும் இருக்கிறது. புதிதாக முகர்பவர்களுக்கு ஆஸ்பத்திரி நினைவு வரும். பிசினை வாங்கி நேராக எண்ணெயில் ஊறவைத்தால் கரையாது. அதில் கணிசமான பங்கு கோந்து. காய்ச்சி வடித்த எண்ணெயாக வாங்குவதே நல்லது. கர்ப்பமாக இருப்பவர்கள் தவிர்த்துவிட வேண்டும்.

மருவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் சொல்ல வேண்டியது சுவையானது. ரோமானியக் கவிஞர் வர்ஜில் பாட்டில் வீனஸ் (அஃப்ரோடைட்டிக்கு ரோமானியர் வைத்த பேர்), தன் பேரனைத் தூங்கவைத்து சைப்ரஸின் இடாலியத்துக்குத் தூக்கிப் போய் மென்மையான மருச்செடிகளுக்கு நடுவே படுக்க வைக்கிறாள். வாசனைத் தைலம் சுமந்து போன அமாரகஸ் என்ற இளைஞன் தடுக்கி விழுந்து, தைலமெல்லாம் கொட்டி, இந்தச் செடியாக மாறினான் என்று ஒரு பழங்கதையும் உண்டு. ஆனால் அவன் பேரில் விற்ற தைலத்தில் உயர்ந்த வாசனைப் பொருட்களெல்லாம் உண்டு, மருவைத் தவிர என்று தியோஃபிராஸ்டஸ் எழுதுகிறார். கலந்து பார்த்தால் காரணம் புரியும். பச்சையாக, சுறுசுறுப்பாக வரும், கால்மணி நேரத்தில் போய்விடும். கொஞ்சம் கூடினால் சமையலறை வாசம். தனியாக நிற்க இதால் முடியாது.

எதில் கலப்பது? அந்தக் காலத்தில் காய்ச்சி வடித்த சாராயம் இல்லை, எல்லாமே எண்ணெய்தான். பழுக்காத ஆலிவ்காயில் பிழிந்த எண்ணெயை அதிகம் பயன்படுத்தினார்கள். ரோஜாவை நன்றாக ஏற்பது எள்ளெண்ணெய் என்றும் தியோஃபிராஸ்டஸ் சொல்கிறார். நம் செக்கு நல்லெண்ணெயில் முயன்றேன், எள்ளின் மணமே மேலே நின்றது. வறுக்காத எள்ளில் பிழிந்து நன்றாக வடிகட்டியது கிடைத்தால் முயலலாம். இல்லாவிட்டால் ஹோஹோபா (jojoba) எண்ணெய் போதும்.

சரி, என் தேர்வு வெள்ளைப்போளம்தான். ஆனால் ரோஜாவை வெளியே நிறுத்தவும் மனம் வரவில்லை. சாஃபோவே இன்னொரு பாடலில் அஃப்ரோடைட்டியை அழைக்கும்போது, குங்கிலியம் புகையும் பலிபீடங்களையும் ரோஜா நிழல் விழும் இடத்தையும் சேர்த்தே காட்டுகிறார். 10 மில்லி ஹோஹோபாவில் போளம் 5 துளி, ரோஜா 2, மரு 1. கலந்த அன்றைக்கு முகர்ந்து முடிவு செய்யாதீர்கள், மூன்று வாரம் இருட்டில் இருக்கட்டும். முழங்கை மடிப்பில் ஒரு துளி வைத்து ஒருநாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

தங்கை கல்யாணத்துக்கு இதைத்தான் கலந்து கொடுத்தேன். மறுநாள் காலையில் வளையலைக் கழற்றும்போது மணிக்கட்டில் ரோஜா போயிருந்தது, போளம் மட்டும் இருந்தது என்றாள்.